பங்கில் விழுந்த சரிவு

மூத்தவனுக்கு ஆற்றோரப் புல்வெளி.
இளையவனுக்கு ஊசியிலைக் காடு.
ஸ்லாவ்காவுக்குச் சரிவு.
மூன்றும் ஒரே அளவு என்றது
செர்க்னோ பதிவு அலுவலகத்து வரைபடம்.
பொய்யில்லை.
வரைபடத்தில் தக்காளி உருளாது.
கையெழுத்துப் போட்டாள்.

டிராக்டர் அவளைவிட இரண்டு வயது இளையது.
பதினெட்டுக் குதிரைச் சக்தி, அதில் நாலைந்து
எப்போதும் படுத்தே கிடக்கும்.
அதைச் செய்த நாடு இப்போது இல்லை.
ஆயில் ஃபில்டர் மட்டும் இன்னும் கிடைக்கிறது,
செவ்வாய்க்கிழமைகளில், ஒரே ஒரு கடையில்.
இடுப்பில் மடங்கும் வண்டி.
ஸ்டியரிங்கை ஒடித்தால்
முன்பாதி உடனே திரும்பும்,
பின்பாதி கொஞ்சம் யோசிக்கும்.

குறுக்கே மட்டும் ஓட்டக்கூடாது.
இறங்கும்போது நேரே இறங்கு, மண்ணை இழு.
பலகையைத் தூக்கு. பின்புறமாகவே ஏறு.
பாதை வளைவில் ஒரு சிலுவை நிற்கிறது,
பீங்கானில் பதித்த புகைப்படத்தில்
தொப்பியோடு சிரிக்கிறார் விங்கோ.
ஒரு மாலை, ஒரே ஒரு முறை,
நேரம் மிச்சமாகும் என்று
குறுக்கே ஓட்டியவர்.

ஏப்ரல் முழுக்க முள்.
கையுறையைத் தாண்டி, சட்டையைத் தாண்டி,
ராத்திரி போர்வைக்குள்ளும் ஒரு முள்.
மே மாதம் வேர்.
ஹேசல் அடிக்கட்டைக்குச் சங்கிலி போட்டு
முதல் கியரில் இழுத்தாள்.
கட்டை அசையவில்லை,
டிராக்டரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.
கிளட்சை மிதித்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்
இதயம் தரைக்கு வரும்வரை.
பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.
கட்டை வர ஆறு நாள்.

மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய்,
இருபது மீட்டர் நீளம்.
வெயிலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை,
பீட்ரூட் வேகவைத்த சாற்றை ஊற்றினாள்.
சிவப்பு இங்கே ஒரு முளையில் நின்றது,
அங்கே ஒரு முளையில் நின்றது,
இரண்டுக்கும் நடுவே
ஓர் ஆள் உயரம் மலை.

மேலே வெட்டியதைக் கீழே கொட்டு,
கணக்கு அவ்வளவுதான்.
ஆனால் மண் கணக்குப் படித்ததில்லை.
வெட்டினால் உப்புகிறது,
கொட்டினால் அடங்கியதுபோல் இருக்கிறது,
பார்க்காத நேரத்தில் நகர்கிறது.
ஆகஸ்ட் முடிவில்
பன்னிரண்டு அடி வைத்து நீளம், எட்டு அடி வைத்து அகலம்,
நடந்தே அளந்தாள். முழங்கால் நம்பவில்லை,
இல்லாத மேட்டுக்கு மடங்கி மடங்கிப் போனது.

செப்டம்பரில் மூன்று நாள் மழை.
நான்காம் நாள் காலையில்
கொட்டிய பாதி, வேலியைத் தாண்டி,
கீழ்வீட்டு யெர்னெயின் தோட்டத்தில்.
பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினாள்.
மன்னிப்பு என்ற சொல்லை
வழியெல்லாம் வாயில் வைத்திருந்தாள்.

அவர் அதற்குள் அந்த மண்ணைப் பரப்பி
லீக் நாற்று ஊன்றிக்கொண்டிருந்தார்.
"மண் என்னுடையது" என்றார், நிமிராமலே.
"கல் உன்னுடையது."
வேலியோரம் பதினோரு தள்ளுவண்டிக் கல்
பெரியது அடியில், சிறியது மேலே என்று
தரம் பிரித்துக் குவிந்திருந்தது.
தாங்குசுவர் இல்லாமல் தட்டை நிற்காது
என்று மே மாதமே சொல்லியிருக்கலாம் அவர்.
கேட்டிருக்கலாம் அவளும்.

முதல் பனிக்குமுன் சுவர் இடுப்பளவு வந்தது,
லேசாக மலைப்பக்கம் சாய்ந்து.
மூத்த அண்ணன் கார் நிறுத்தி ஏறிவந்தான்,
மூச்சு வாங்கினான்.
"இதில் என்ன போடப்போகிறாய்?"
"தெரியவில்லை."
"இவ்வளவு டீசல் ஊற்றியா?"
அவள் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.
வழக்கம்போலக் குனிந்து
காலுக்கு அண்டை கொடுக்க ஒரு சில்லுக்கல் தேடினாள்.
கிடைத்தது.
கையிலேயே வைத்துக்கொண்டு
உட்கார்ந்தாள்.